பின்கட்டுப் புல்தரையில் பாசி: புதுச்சேரி லாஸ்பேட்டை வீட்டில் நான் கற்றுக்கொண்டது

2024 டிசம்பர் நடுவில் ஒரு காலை, என் வீட்டுக்காரர் எங்கள் பின்கட்டுப் புல்தரையில் வழுக்கி விழுந்தார். அவருக்குப் பக்கவாதம் வந்து அப்போது ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. தினமும் காலையில் இருபது நிமிடம் வெறுங்காலோடு புல்லில் நடப்பது அவருக்கு மருந்து மாதிரி. இடது பாதத்தில் உணர்ச்சி திரும்பியதே அந்த நடையால்தான் என்று அவர் நம்புகிறார். நானும் நம்புகிறேன். விழுந்ததில் எலும்பு முறியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு மாதம் அவர் அந்தப் பக்கமே போகவில்லை. "புல்லுன்னு நெனச்சு காலை வச்சேன், பாசியா இருந்துச்சு" என்று மட்டும் சொன்னார்.

நான் தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். விவசாயம் படிக்கவில்லை. புல்தரை போட்ட முதல் இரண்டு மழைக்காலத்திலும் பாசியைச் சுரண்டிப் போட்டேன், ஒரு முறை யாரோ சொன்னார்கள் என்று சுண்ணாம்பு தூவினேன், அதோடு விட்டுவிட்டேன். மூன்றாம் வருடம் அவர் விழுந்த பிறகுதான் இது ஏன் வருகிறது என்று உட்கார்ந்து யோசித்தேன். புதுச்சேரியிலும் கடலூரிலும் இப்போது மனை கிடைத்தவர்கள் எல்லாம் ஒரு துண்டு புல்தரை போடுகிறார்கள். மழை முடிந்ததும் பாதிப் பேர் வீட்டில் இதே கதைதான். வீட்டில் வயதானவர்களோ குழந்தைகளோ இருந்தால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

முதலில் நான் அறிந்துகொண்டது இது. பாசி புல்லைக் கொல்வதில்லை. புல் ஏற்கெனவே செத்துப்போன இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதனால் பாசியை எடுப்பது பாதி வேலைதான். அங்கே புல் ஏன் செத்தது என்பதைக் கண்டுபிடிப்பது மீதிப் பாதி. அந்த மீதியை விட்டுவிட்டால் அடுத்த ஐப்பசியில் பாசி அதே இடத்துக்குத் திரும்பி வரும். என் வீட்டில் இரண்டு முறை வந்தது.

எது பாசி?

பச்சையாக வழுக்குகிற எல்லாவற்றுக்கும் நாம் பாசி என்றே பேர் வைத்திருக்கிறோம். புல்தரையில் இறங்கிக் குனிந்து பார்த்தால் மூன்று வகை தெரியும்.

ஒன்று, வெல்வெட் துணி விரித்த மாதிரி மெத்தென்று இருப்பது. நகத்தால் கிள்ளி எடுத்துக் கண்ணருகில் பிடித்தால் குட்டிக் குட்டி இலைகள் தெரியும். உண்மையான பாசிச் செடி இதுதான். இதற்கு வேர் கிடையாது. மண்ணைப் பிடித்துக்கொள்ள மயிர் மாதிரி இழைகள் மட்டும் உண்டு. தண்ணீரை இலையாலேயே உறிஞ்சிக்கொள்கிறது. பூ இல்லை, விதை இல்லை. காற்றில் பறக்கும் தூள் மாதிரி நுண்ணிய வித்துகளால் (ஸ்போர் என்பார்கள்) பரவுகிறது. அதனால் ஒரு முறை ஒழித்துவிட்டால் இனி வராது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. பக்கத்து மதில் சுவரிலிருந்தே வந்து இறங்கும்.

இரண்டாவது, மண்மேல் எண்ணெய் பூசின மாதிரி வழவழவென்று கரும்பச்சையில் படியும் படலம். இலை எதுவும் இருக்காது. காய்ந்தால் பொருக்குப் பொருக்காகச் சுருண்டு உதிரும். இது ஆல்கா வகை. மூன்றாவது, அடைமழைக்குப் பிறகு ஜெல்லி உருண்டை மாதிரி ஆங்காங்கே கிடப்பது. காய்ந்தால் கருப்புக் காகிதம் போல ஆகிவிடும், மறுபடி மழை பட்டால் உப்பும். நாஸ்டாக் என்பார்கள். பார்க்க அருவருப்பாக இருந்தாலும் செடிக்கு நோய் எதுவும் கொடுக்காது. காற்றிலிருக்கிற தழைச்சத்தை மண்ணில் சேர்க்கிற இனம் அது. ஆனால் காலுக்கு ஆபத்து. அதன்மேல் கால் வைத்தால் வாழைப்பழத் தோல்தான்.

பின்னிரண்டுக்கும் மருந்து தேவையில்லை. தண்ணீர் தேங்காமல் செய்து, காய்ந்ததும் வாரி எடுத்து, மேலே மெல்லிசாக மணல் தூவினால் போதும். இனி நான் சொல்வதில் பெரும்பகுதி முதல் வகையைப் பற்றியது.

இன்னொன்று. மாசி, பங்குனி வெயிலில் பாசி பழுப்பாகிக் காய்ந்து கிடக்கும். செத்துவிட்டது என்று நினைத்து விட்டுவிடுவோம். ஒரு சொம்புத் தண்ணீரை அதன்மேல் ஊற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்து பாருங்கள். பல இடங்களில் மறுபடி பச்சை திரும்பும். முழுக்கக் காய்ந்தாலும் உயிரைப் பிடித்துவைத்திருக்கிற செடி அது. வெயில் பார்த்துக்கொள்ளும் என்று விட்டதால்தான் எனக்கு இரண்டு வருடம் வீணானது.

நிழல்தான் முதல் காரணம். அதுவும் மழைக்கால நிழல்

எங்களுடையது தெற்கு பார்த்த வீடு. பின்கட்டு வடக்கில் இருக்கிறது. 24 அடி நீளம், 20 அடி அகலம். 2022 ஜூனில் புல் போடும்போது அங்கே நாள் முழுக்க வெயில். ஆறு மணி நேரத்துக்கு மேல் வெயில் கிடைக்கிறது, கொரியன் புல்லே போடலாம் என்று முடிவு செய்தோம். அந்த முடிவில்தான் தப்பு இருந்தது. தப்பு எங்கே என்று புரிய எனக்கு இரண்டு மார்கழி ஆனது.

புதுச்சேரி கிட்டத்தட்ட 12 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நடுப்பகல் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கே நிற்கும். அப்போது வடக்குப் பின்கட்டில் வீட்டு நிழல் விழாது. டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடும். நடுப்பகலிலேயே அது 55 பாகை உயரத்துக்குத்தான் ஏறும். அந்தக் கணக்கில் ஒவ்வோர் அடிச் சுவருக்கும் சுமார் 0.7 அடி நிழல் வடக்கே நீளும். எங்கள் வீடு கைப்பிடிச் சுவரோடு சேர்த்து 22 அடி. நிழல் 15 அடிக்கு மேல். 20 அடி அகலப் புல்தரையில் நடுப்பகலில்கூட வெயில் படுவது கடைசி 4, 5 அடிதான்.

நமக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. மழை கொட்டுகிற அதே மாதங்களில்தான் வீட்டின் வடபக்கம் வெயிலும் இல்லை. புல் பட்டினி கிடக்கிறது, பாசிக்கோ விருந்து. ஆகவே இடத்தைக் கோடையில் பார்த்துப் புல்லைத் தேர்ந்தெடுக்காதீர்கள். கார்த்திகையிலோ மார்கழியிலோ ஒரு வெயில் நாளில் காலை 9, 12, 3 மணிக்கு மூன்று முறை போய் நிழல் எங்கே முடிகிறது என்று சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டு வையுங்கள். அந்தக் கோட்டுக்குள் கொரியன் புல்லும் அருகம்புல்லும் நிற்காது. இரண்டும் வெயிலுக்குப் பிறந்தவை. நாலு மணி நேர வெயில் கிடைத்தால் அகல இலை வைத்த பஃபலோ புல் தாக்குப்பிடிக்கும். அதுவும் கிடைக்காத இடத்தில் புல் ஆசையையே விட்டுவிட வேண்டியதுதான். அந்த இடத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

மரம் இருந்தால் அடிக்கிளைகளைக் கழித்து வெளிச்சம் விடலாம். மாமரமாக இருந்தால் காய் முடிந்த பிறகு ஆனி, ஆடியில் கழிப்பது நல்லது. மழைக்கு முன் இலைக்கூடு திறந்திருக்கும், காற்றும் உள்ளே வரும். எங்கள் மரத்தில் தரையிலிருந்து எட்டடி வரை இருந்த கிளைகளை எடுத்ததுமே கிழக்கு மூலை அரை நாளில் உலர ஆரம்பித்தது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள்

லாஸ்பேட்டை மேடான பகுதி, செம்மண். ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் மாதிரி தெருவே ஏரியாகிற இடம் கிடையாது. அதனால் எங்கள் வீட்டில் தண்ணீர் நிற்காது என்று நான் நம்பியிருந்தேன். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. மறுநாள் விடிந்து பார்த்தால் பின்கட்டில் கணுக்கால் அளவு தண்ணீர். தெருவில் வடிந்துவிட்டது, உள்ளே வடியவில்லை. மதில் கட்டும்போது வடிகால் ஓட்டை வைக்க மறந்திருந்தார்கள். நாலு நாள் அந்தத் தண்ணீருக்கு அடியில் கிடந்த புல்தான் அழுகி, பிறகு பாசியாகி, அவரை வழுக்கிவிட்டது.

மழை நீர் மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டைச் சுற்றி ஒரு முறை மெதுவாக நடந்து பாருங்கள். ஏசி வெளிப்பெட்டியின் சொட்டுக் குழாய் எங்கே விழுகிறது? மேல்தொட்டி நிரம்பி வழியும் குழாய் எங்கே? துணி துவைக்கிற கல்லிலிருந்து எந்தப் பக்கம் ஓடுகிறது? எங்கள் வீட்டில் கோடையிலும் காயாத ஒரு பாசித் திட்டு இருந்தது. சரியாகப் படுக்கையறை ஏசிக் குழாய்க்குக் கீழே, முறத்தளவுக்கு. குழாயை நீட்டி வாழைக்குத் திருப்பினேன். ஒரு மாதத்தில் அந்தத் திட்டு தானாகச் சுருங்கிவிட்டது. மருந்து ஒரு சொட்டுகூட அங்கே ஊற்றவில்லை.

ஆர்ஓ இயந்திரத்தின் கழிவு நீரைப் புல்லுக்கு விடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதில் உப்பு செறிந்திருக்கும். கடலோரத்துப் போர்த் தண்ணீரே உப்பு கலந்ததுதான். அதற்கு மேலும் உப்பு சேர்க்க வேண்டாம்.

மண் எவ்வளவு வேகமாகத் தண்ணீரைக் குடிக்கிறது என்று பார்க்க ஒரு வழி உண்டு. பாசி வந்த இடத்தில் ஓர் அடி ஆழக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். முழுக்க வடிந்ததும் மறுபடி நிரப்பி, ஒரு குச்சியில் அளவு குறித்து, ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஓர் அங்குலம்கூட இறங்கவில்லை என்றால் வடிகால் மோசம். அடுத்து ஒரு நீள ஸ்க்ரூடிரைவரை ஈர மண்ணில் கையால் அழுத்துங்கள். சிரமமில்லாமல் நாலு அங்குலம் இறங்க வேண்டும். எங்கள் தரையில் ஓர் அங்குலத்திலேயே நின்றது.

ஏன் நின்றது என்று தோண்டிப் பார்த்தபோது எனக்குப் பெரிய அதிர்ச்சி. மேலே ஓர் அங்குலத்துக்குக் கெட்டிக் களிமண், அதற்குக் கீழே எங்கள் சொந்தச் செம்மண். நடுவில் கத்தியால் வெட்டின மாதிரி கோடு. புல் பாயாகச் சுருட்டி வருகிறதே, அது வளர்ந்த களிமண் அப்படியே ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. மேலே நெருக்கமான மண்ணும் கீழே பொலபொல மண்ணும் இருந்தால் தண்ணீர் அந்தக் கோட்டைத் தாண்டி இறங்கத் தயங்கும். மேல் அங்குலம் ஊறியே கிடக்கும். புல் வேரும் அந்த ஓர் அங்குலத்தைத் தாண்டவில்லை. புதிதாகப் புல் பாய் வாங்குகிறவர்கள் அடியிலிருக்கிற மண்ணைக் கையில் உருட்டிப் பாருங்கள். கோலிக்குண்டு மாதிரி உருண்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அல்லது வேரைத் தண்ணீரில் அலசித் துண்டு துண்டாக நடுங்கள்.

தை பிறந்ததும் செய்ய வேண்டியது

பொங்கல் முடிந்த வாரம்தான் சரியான நேரம். மழை ஓய்ந்திருக்கும், பாசி இன்னும் பச்சையாக ஈரத்தோடு இருக்கும், வெயில் ஏற ஆரம்பித்திருக்கும். சுரண்டின இடத்தைப் புல் மூட முழுதாக எட்டு மாதம் கையில் இருக்கிறது. புரட்டாசியில் இந்த வேலையைத் தொடங்கினால் வெறும் மண்ணில் மழை விழுந்து மறுபடி பாசிதான்.

முதலில் வடிகால். மதிலின் தாழ்ந்த மூலையில் தரை மட்டத்தில் துளை போட்டு 3 அங்குல பிவிசி குழாய் வைத்துத் தெருக் கால்வாயோடு சேர்த்தோம். எலி வராமல் வலை அடித்தோம். வீட்டுச் சுவரிலிருந்து அந்த மூலைக்கு 10 அடிக்கு ஒன்றரை அங்குலம் சரிவு இருந்தால் போதும். இந்த ஒரு வேலைக்குக் கொத்தனாரை வைத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாவற்றையும் நீங்களே செய்யலாம்.

அடுத்து அன்னபேதி. சித்த வைத்தியத்தில் அன்னபேதி செந்தூரம் கேள்விப்பட்டிருப்பீர்கள், அந்த அன்னபேதிதான். உரக்கடையில் பெரஸ் சல்பேட் என்று கேட்க வேண்டும். இளம்பச்சைப் படிகமாக இருப்பது நல்ல சரக்கு. பழுப்பேறித் தூளாகியிருந்தால் காற்று பட்டுக் கெட்டது, வாங்காதீர்கள். இது பாசியைக் கருக்கும், புல்லுக்கோ இரும்புச் சத்தாகிப் பச்சையைக் கூட்டும். அளவுதான் முக்கியம். 100 சதுர அடிக்கு 40 கிராம், 10 லிட்டர் தண்ணீரில். அதிகம் ஊற்றினால் புல்லும் சேர்ந்து கருகும்.

பிளாஸ்டிக் வாளியில் கரையுங்கள். நம் ஊர்ப் போர்த் தண்ணீர் பல இடங்களில் காரத்தன்மை உள்ளது. அதில் கரைத்தால் சிறிது நேரத்தில் துருநிறமாகக் கலங்கிவிடும். கலங்கினால் இரும்பு வீணாகிறது என்று அர்த்தம். நான் மொட்டைமாடியில் பிடித்து வைத்திருந்த மழைத் தண்ணீரில் கரைத்தேன். அது இல்லாவிட்டால் வாளித் தண்ணீரில் முதலில் இரண்டு எலுமிச்சம்பழம் பிழிந்துவிட்டு அன்னபேதியைப் போடுங்கள், உடனே பயன்படுத்துங்கள். பூவாளியால் பாசிமேல் சீராக விடலாம், தெளிப்பான் இருந்தால் இன்னும் நல்லது. கையுறையும் பழைய துணியும் போட்டுக்கொள்ளுங்கள். அது பட்ட இடமெல்லாம் துருக்கறை பிடிக்கும். டைல்ஸ், கடப்பாக்கல், சிமெண்ட் தரை எதுவும் தப்பாது. பட்டால் காய்வதற்குள் தண்ணீர் விட்டுக் கழுவிவிட வேண்டும். எங்கள் பின்வாசல் படியில் ஒரு கறை இன்னும் இருக்கிறது. நாயோ பேரப்பிள்ளையோ இருந்தால் தரை நன்றாகக் காயும்வரை அந்தப் பக்கம் விடாதீர்கள். அடுத்த நாள் மழை வராது என்று தெரிந்த நாளில், புல் வாடாமல் இருக்கும்போது, காலை வேளையில் செய்யுங்கள்.

சில நாளில் பாசி கருத்துவிடும். உடனே பிடுங்க ஓடாதீர்கள். இரண்டு வாரம் விடுங்கள். அடி வரை செத்த பிறகு இரும்புப் பல் வைத்த வாரியால், ரேக் என்று கேட்டால் இரும்புக்கடையில் தருவார்கள், ஒரு முறை நெடுக்கில், ஒரு முறை குறுக்கில் இழுங்கள். எங்கள் வீட்டில் பாசி பிடித்திருந்த 150 சதுர அடியிலிருந்து மூன்று சாக்கு வந்தது. எனக்கு உதவிக்கு வந்த தோட்டக்கார அண்ணன் குயிலாப்பாளையத்துக்காரர். "இவ்ளோ அடச்சிக்கினு இருந்தா புல்லு எப்படிம்மா மூச்சு வுடும்?" என்றார். பச்சை மிச்சம் தெரிந்தால் அந்த இடத்துக்கு மட்டும் இன்னொரு முறை அதே அளவு கொடுக்கலாம்.

கொஞ்சம்தான் பாசி, இரண்டு முழம் அளவு என்றால் அன்னபேதியே வேண்டாம். தரை ஈரமாக இருக்கும்போது ஒரு பழைய தோசைத் திருப்பியால் சீவி எடுத்தாலே பாய் மாதிரி வரும். வேரில்லாததால் அதில் கஷ்டம் இல்லை.

பிறகு தரையைத் துளைக்கிற வேலை. முதுகு வலிக்கிற வேலை இதுதான், பலன் கொடுக்கிற வேலையும் இதுதான். இதற்கென்று வெளிநாட்டு இயந்திரம் எல்லாம் தேவையில்லை. அண்ணன் 12 எம்.எம். முறுக்குக் கம்பியை ஒன்றரை அடிக்கு வெட்டி முனையைத் தீட்டிக்கொண்டு வந்தார். நாலு அங்குலத்துக்கு ஒன்று, நாலைந்து அங்குல ஆழத்துக்கு. முந்தின நாள் தண்ணீர் விட்டு மண் பதமாக இருக்க வேண்டும். சேறாக இருக்கும்போது குத்தினால் துளையின் சுவரே கெட்டியாகிவிடும். 150 சதுர அடிக்கு எங்கள் இருவருக்கும் மூன்று காலை வேளை பிடித்தது. அந்தத் துளைகள்தான் களிமண் கோட்டைத் தாண்டித் தண்ணீருக்கும் வேருக்கும் வழி திறந்தன.

துளை போட்ட அன்றே இரண்டு பங்கு ஆற்று மணலும் ஒரு பங்கு சலித்த மக்கின எருவும் கலந்து கால் அங்குலத்துக்குப் பரப்பித் தென்னந்துடைப்பத்தால் துளைகளுக்குள் தள்ளிவிடுங்கள். 100 சதுர அடிக்கு ஏறக்குறைய இரண்டு சிமெண்ட் சாக்குக் கலவை வேண்டும். கடற்கரை மணல் கைக்குக் கிடைக்கிறதே என்று அள்ளிவிடாதீர்கள், உப்பு. தென்னை நார்க்கழிவையும் மேலே பரப்பாதீர்கள். தொட்டிச் செடிக்கு அது வரம். ஆனால் ஈரத்தைப் பிடித்து வைப்பதே அதன் குணம், புல்தரை மேல் அதுவே பாசிக்கு மெத்தை.

வெறும் மண் தெரிகிற இடங்களில் நிழல் கோட்டுக்குள் பஃபலோ புல் நட்டோம். இரண்டு மூன்று கணு உள்ள கொடித்துண்டுகள், அரை அடி இடைவெளி, கணு மண்ணுக்குள் போகும்படி அழுத்த வேண்டும். முதல் பத்து நாள் காலை மாலை லேசாகத் தண்ணீர். அந்த நாட்களில் கோரை முளைக்கும், கிழங்கோடு பிடுங்கிவிடுங்கள். வேர் பிடித்ததும் 100 சதுர அடிக்கு 100 கிராம் யூரியாவை மணலோடு கலந்து தூவி உடனே தண்ணீர் விட்டோம். ஆடி முடிவதற்குள் மூடிவிட்டது. கொரியன் மாதிரி பட்டுப்போல இருக்காது, இலை அகலம். என் வீட்டுக்காரர் நடந்து பார்த்துவிட்டு, "கால்ல நல்லா தெரியுது" என்றார். உணர்ச்சி குறைந்த பாதத்துக்கு அந்தக் கரடே உதவியாக இருந்தது.

சுண்ணாம்பு, ப்ளீச்சிங் பவுடர், உப்பு

2024 தையில் ஒரு நர்சரியில் கேட்டபோது சுண்ணாம்பு தூவச் சொன்னார்கள். இரண்டு மூட்டை தூவினேன். பாசி அசையவில்லை, இருந்த புல் மஞ்சளானது. குரும்பாப்பேட்டிலுள்ள பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்தில் மண்ணைக் கொடுத்துப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. என் மண்ணின் கார அமில நிலை (pH) 7.8. சுண்ணாம்பு அமில மண்ணைத் திருத்துவதற்கு உள்ளது, பாசியைக் கொல்லும் மருந்தே கிடையாது. ஏற்கெனவே காரப் பக்கம் இருக்கிற மண்ணில் மேலும் சுண்ணாம்பைப் போட்டால் புல்லுக்கு இரும்புச் சத்து கிடைக்காமல் வெளுக்கும். மண் பரிசோதனை செய்யாமல் ஒரு பிடி சுண்ணாம்புகூடப் போடாதீர்கள்.

ப்ளீச்சிங் பவுடர் சிமெண்ட் நடைபாதைக்கும் படிக்கும் சரி. புல்தரைக்கு வேண்டாம், புல்லையும் சேர்த்து எரித்துவிடும். ஒரு விஷயத்தைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பாசி போகவில்லை என்று ப்ளீச்சிங் பவுடரோடு கழிவறை ஆசிட்டைக் கலந்துவிடாதீர்கள். அதிலிருந்து குளோரின் வாயு கிளம்பும், மூச்சுக்குழல் வெந்துபோகும். கல் உப்பு போட்டால் பாசி போகலாம், ஆனால் அந்த மண்ணில் வேறு எதுவும் எளிதில் வராது. மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) பாசியைக் கொல்லும்தான். ஆனால் செம்பு மண்ணிலேயே தங்கிச் சேர்ந்துகொண்டே போகும், மண்புழுவுக்கு ஆகாது, தொட்டியில் மீன் இருந்தால் அதற்கும் ஆபத்து. அன்னபேதி கையில் இருக்கும்போது அது எதற்கு?

அடுத்த மழைக்கு முன்

ஆவணியில் ஒரு முறை கம்பியால் துளை, புரட்டாசி தொடக்கத்தில் ஒரு சின்ன அளவு உரம். அடைமழை நடுவில் உரம் போட்டால் கால்வாய்க்குத்தான் போகும். மழை தொடங்கும் முன் புல்லைக் குட்டையாக வெட்டி வைக்கிற பழக்கம் பலருக்கு உண்டு, அடிக்கடி வெட்ட வேண்டாமே என்று. அதைச் செய்யாதீர்கள். பஃபலோவை இரண்டரை, மூன்று அங்குலத்திலும் கொரியனை ஒன்றரை அங்குலத்திலும் விட்டுவிடுங்கள். இலை குறைந்தால் அந்த மங்கிய வெளிச்சத்தில் புல் எதை வைத்துச் சமைத்துச் சாப்பிடும்? ஒரு வெட்டில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. சேறான தரையில் நடக்காதீர்கள், இயந்திரமும் ஓட்டாதீர்கள். உதிர்ந்த மா இலையைத் தினமும் கூட்டுங்கள். கோடையில் தண்ணீர் விடுவதை மாலையிலிருந்து காலைக்கு மாற்றுங்கள். தினமும் கொஞ்சம் தெளிப்பதை விட்டு வாரம் இரண்டு மூன்று முறை நன்றாக நனையும்படி விடுங்கள். வேர் கீழே இறங்கும், மேல் மண் நடுவில் உலரும்.

2025 மழைக்காலத்தில் எங்கள் தரையில் பாசி வந்தது, கையகலத்துக்கு இரண்டே இடத்தில். தோசைத் திருப்பியால் எடுத்துவிட்டேன். அவர் மார்கழியிலும் நடந்தார், நான் கூடவே நடந்தேன்.

வீட்டுச் சுவரை ஒட்டிய மூன்றடி அகலத் துண்டு மட்டும் எதற்கும் மசியவில்லை. மழைக்காலம் முழுக்க அங்கே வெயிலே கிடையாது. அங்கே புல்லை நிறுத்த ஆயிரம் வழி தேடுவதை விட்டு, எட்டு அங்குலத்துக்கு மண்ணைக் கொத்தி எரு போட்டு வல்லாரை வைத்தேன். ஈரமும் நிழலும் அதற்குப் பிடித்தவை, தரையோடு படர்ந்து மண்ணை மூடிவிடும். கால் படாமலிருக்க ஓரமாகச் செங்கல் வரிசை ஒன்று அடுக்கினோம். வாரம் ஒரு நாள் அதிலிருந்து ஒரு பிடி கிள்ளித் தேங்காயும் புளியும் வைத்துத் துவையல் அரைக்கிறேன்.